வைஃபை எத்தனை மணிக்குப் போனது?

புதுச்சேரி லாஸ்பேட்டையில், விமான நிலையச் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், டிவி நின்றுபோனால் முதல் பழி விமானத்தின் மேல் விழும். இரண்டாவது கடல் காற்றின் மேல். மூன்றாவது டிவி செய்த கம்பெனியின் மேல். எதிர்வீட்டு டீச்சரம்மா இந்த மூன்றையும் சொல்லி முடித்துவிட்டு, "பேசாம புது டிவி வாங்கிடட்டுமா தம்பி?" என்று கேட்டார். "எத்தனை மணிக்குப் போகுதுங்க டீச்சர்?" என்றேன். "அது பாட்டுக்குப் போகும், அது பாட்டுக்கு வரும்" என்றார்.

வைஃபை அது பாட்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான காரணங்களுக்கு ஒரு நேரமும் உண்டு. அதனால் டிவியின் அமைப்புகளுக்குள் போய்க் கண்டதையும் மாற்றுவதற்கு முன்னால், ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். நான்கு நாள் போதும். எத்தனை மணிக்குப் போனது, திரையில் என்ன எழுதி வந்தது, அந்த நேரத்தில் போனில் நெட் இருந்ததா, வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே சாயங்காலத்தில் ஐந்து விஷயத்தை மாற்றினால், டிவி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. பத்து நாளில் பழையபடி ஆகும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

போனில் பார்க்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். "போன்ல நல்லாத்தான் வருது, டிவிதான் மோசம்" என்று சொல்பவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

திரையில் வரும் வாசகத்துக்கு வருவோம். வீட்டுக்கு வீடு சொற்கள் மாறினாலும் அதில் இரண்டு வகைதான். ஒன்று, நெட்வொர்க்கோடு இணைய முடியவில்லை, அல்லது பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை. இன்னொன்று, வைஃபை இணைந்திருக்கிறது, இன்டர்நெட் இல்லை. முதலாவது உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் நடக்கும் கோளாறு: டிவிக்கும், நம்மில் பலர் மோடம் என்று சொல்லும் அந்த வைஃபை பெட்டிக்கும் நடுவே காற்றில் போகும் பேச்சு அறுகிறது. இரண்டாவதில் அந்தப் பேச்சு நன்றாகவே இருக்கிறது. பெரும்பாலும் பெட்டியிலிருந்து வெளியே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

வெளிவழியைப் பார்க்கப் பெட்டியின் விளக்குகளே போதும். ஃபைபர் இணைப்பு என்றால் 'பான்' என்ற விளக்கு அசையாமல் எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கம்பத்தில் அறுந்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தும்போது கேபிள் மடங்கியிருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நூல்போல மடக்கினால் மடங்கிய இடத்தில் ஒளி கசிந்துவிடும். அந்தச் சிவப்பு விளக்கு எரியும்வரை டிவியில் நீங்கள் எதை மாற்றியும் பயனில்லை. இணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள். (மழை நேரத்தில் நின்றுபோவது பழைய டிஷ் இணைப்பின் குணம். வானத்திலிருந்து வரும் அந்த அலையை மழை தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் வைஃபையை மழை ஒன்றும் செய்யாது.)

முதல் வகைதான் என்றால், டிவி மேல் பிழையா பெட்டி மேல் பிழையா என்று தீர்மானிக்க ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, போனை டிவிக்கு அருகில் வைத்து, டிவியை அதில் இணைத்து ஒரு மணி நேரம் ஏதாவது ஓடவிடுங்கள். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டா அதிகம் செலவாகாது. ஒரு மணி நேரமும் அறுபடாமல் ஓடினால் டிவி நன்றாகத்தான் இருக்கிறது. புது டிவிக்குக் கடன் வாங்க வேண்டாம். ஹாட்ஸ்பாட்டிலும் அடிக்கடி அறுந்தால் மட்டும் டிவியைச் சந்தேகப்படுங்கள். டீச்சரம்மா வீட்டில் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முழுப் படம் நிற்காமல் ஓடியது.

நான் சொன்னபடி அவரும் எழுதிவந்த நோட்டில் முதலில் துலங்கியது கரன்ட். குறித்திருந்த ஏழு தடவையில் மூன்று, கரன்ட் போய் வந்த பிறகு நடந்தவை. டிவி இன்வெர்ட்டரில் இருக்கிறது. பெட்டி வேறு அறையில், இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில். கரன்ட் போனால் பெட்டி அணையும், டிவி விழித்திருக்கும். கரன்ட் வந்ததும் பெட்டி எழுந்து, வெளியே பேசித் தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் டிவி தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். சில டிவிகள் பிறகு தாமாக முயல்வதே இல்லை. உடனடி வழி, பெட்டி விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு டிவியின் வைஃபையை அணைத்துப் போடுவது. நிரந்தர வழி, பெட்டியையும் இன்வெர்ட்டருக்கு மாற்றுவது, அல்லது மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்குவது. வாங்கும்போது பழைய அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட்; எல்லாவற்றுக்கும் அல்ல.

அடாப்டர் என்றதும் கடல் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழி முழுக்கப் பொய்யல்ல. அலையை உப்புக் காற்று கெடுப்பதில்லை, உலோகத்தைக் கெடுக்கிறது. ஜன்னலோரம் இரண்டு மூன்று வருடம் இருந்த அடாப்டரின் முனையிலும், லான் கேபிளின் உலோகக் கால்களிலும் பச்சைப் பூசணம்போல ஏதாவது படிந்திருந்தால் அது உப்பின் வேலை. களைத்துப்போன அடாப்டருக்கு ஒரு அடையாளம் உண்டு: நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கும்போது பெட்டியின் எல்லா விளக்குகளும் ஒருமுறை அணைந்து மறுபடி எரியும். வீட்டில் எல்லோருக்கும் நெட் ஒன்றாகப் போய் ஒன்றாக வரும். அப்போது மாற்ற வேண்டியது டிவியையோ பெட்டியையோ அல்ல, அந்தச் சின்ன அடாப்டரைத்தான்.

காலையில் முதன்முதலாகப் போடும்போது மட்டும் இணைய மறுத்தால் காரணம் வேறு. ரிமோட்டில் அணைத்த டிவி உண்மையில் அணைவதில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறது. சட்டென்று எழ வேண்டும் என்பதற்காக நேற்றைய நினைவுகளை எல்லாம் வைத்துக்கொண்டு தூங்குகிறது. அந்தத் தூக்கத்தில் வைஃபை சிப் மட்டும் எழாமல் போவது பல டிவிகளில் நடக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டுச் செருகினால் எழுந்துவிடும். அடிக்கடி இப்படி ஆனால், விரைவாக எழும் வசதி என்று அமைப்புகளில் இருப்பதை அணைத்துவிடுங்கள். டிவி எழுவது சற்றுத் தாமதமாகும், வைஃபை ஒழுங்காக வரும்.

இரவு எட்டு மணிக்கு மேல்தான் தொல்லை என்றால் தெருவைப் பாருங்கள். லாஸ்பேட்டையின் நகர்களில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. கீழே வீட்டுக்காரர், மாடியில் குடித்தனம், அதற்கு மேலும் ஒரு குடித்தனம், ஆளுக்கொரு பெட்டி. டிவியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர் வருகிறது. பெரும்பாலும் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்தில் பேசுகின்றன. இந்தியாவில் அந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005இல் திறந்துவிட்டார்கள். அதன் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒரு வைஃபை பேச 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 1 முதல் 13 வரை சேனல் எண்கள் இருந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பேச மூன்றுக்குத்தான் இடம்: 1, 6, 11.

கூட்டத்தைத் தவிர்க்கிறேன் என்று 3, 4 போன்ற எண்களைப் போடுபவர்கள் உண்டு. அது கூடுதல் கெடுதல். ஒரே சேனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்கும். அந்த ஒழுங்கு வைஃபையிலேயே இருக்கிறது. பாதி ஏறி நிற்கும் சேனலிலிருந்து வருவது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும், முறை வைத்துப் பேச முடியாது. போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதை வையுங்கள். சேனல் அகலத்தை 40 என்றிருந்தால் 20 ஆக்குங்கள். சந்தில் லாரி ஓட்ட வேண்டாம். இவற்றை மாற்றும் பக்கத்தின் முகவரி, 192.168.1.1 என்பது போல, பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பெயர், கடவுச்சொல்லோடு இருக்கும்.

மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட இதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சாப்பாட்டைச் சூடுபண்ணும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் படம் சுற்றிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம். டிவியின் பின்னால் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தாலும் இதே அலைவரிசையில் இரைச்சல் எழும். அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

இதிலிருந்தெல்லாம் தப்பிக்க 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. (பெயர் பட்டியலில் '5ஜி' என்று வருவது இதுதான்; செல்போன் 5ஜிக்கும் இதற்கும் உறவு இல்லை.) 2018இல் இந்த அலைவரிசையில் பெரும் பகுதி நம் நாட்டில் திறந்துவிடப்பட்டது. இடம் தாராளம், கூட்டம் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் பலம் சட்டென்று குறையும். அதே அறை, அல்லது ஒரு சுவர் தள்ளி என்றால் டிவியை இதில் போடுங்கள். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்குப் போக வேண்டுமென்றால் 2.4 நிற்கும், இது நிற்காது.

பெட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு கவலைப்படுவதில்லை என்பது என் வருத்தம். இணைப்புக் கொடுக்க வந்தவர், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதை மாட்டிவிட்டுப் போகிறார். அது கேபிளுக்கு வசதி, வீட்டுக்கு அல்ல. பரணில், பீரோவின் பின்னால், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் எல்லாம் பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். இரும்பும், கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிப்பவை. டிவியின் வைஃபை ஆன்டெனாவோ பெரும்பாலும் அதன் முதுகில், இரும்புத் தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டி டிவி மாட்டிய சுவருக்கு எதிர்ப்புறம், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் இருந்தால் பாதி தொல்லை தீரும். கேபிளை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், செய்து தருவார்கள்.

இனி டீச்சரம்மா நோட்டில் மிச்சமிருந்த நான்கு வரிகள். என்னைத் திணறவைத்தவை அவைதான். நான்கிலும் ஒரே வாசகம்: "பேரே வரவில்லை." இணைந்து அறுவது இல்லை. இரண்டு நாள் அருமையாக ஓடும். மூன்றாம் நாள் டிவியின் பட்டியலில் அவர் வீட்டு 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே இருக்காது. அதே நேரத்தில் அவர் போனில் அந்தப் பெயர் இருக்கும், முழுப் பலத்தோடு.

"இந்த டிவி எங்க வாங்கினது டீச்சர்?"

"வாங்கலப்பா. என் தம்பி பிரான்சை விட்டு வந்தப்ப கப்பல்ல சாமானோட வந்தது. அவனுக்கு ரெண்டு எதுக்குன்னு எனக்கு ஒண்ணு குடுத்தான்."

புதுச்சேரியில் இதில் வியப்பு ஒன்றுமில்லை. பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களையும் கொண்டுவருகிறார்கள். மின்சாரம் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கின் முனையை மட்டும் மாற்றினால் டிவி ஓடிவிடும். ஆனால் வைஃபையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸின் சேனல்கள் மூன்று கொத்துகளாக இருக்கின்றன: 36 முதல் 48 வரை ஒன்று, 52 முதல் 144 வரை நடுவில் ஒன்று, 149க்கு மேல் ஒன்று. இந்தியாவில் மேல்கொத்தும் வீட்டு வைஃபைக்குத் திறந்தது. இங்குள்ள பெட்டிகள் தயங்காமல் 149ஐ எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் வீட்டு வைஃபை பெரும்பாலும் முதல் இரண்டு கொத்துகளோடு நின்றுவிடுகிறது. அங்கே விற்கச் செய்த பல கருவிகள் 149க்கு மேல் காது கொடுப்பதே இல்லை.

சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி பெட்டியை விட்டிருந்தோம். ஒவ்வொரு முறை கரன்ட் போய் வரும்போதும் அது தன் விருப்பப்படி ஒரு சேனலைப் பிடிக்கும். 36 வந்த நாளில் டிவி ஓடியது. 149 வந்த நாளில் டிவிக்கு அந்தப் பெட்டி ஊரிலேயே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36 என்று நிலைப்படுத்தினேன். இரண்டு நிமிட வேலை.

அமெரிக்காவிலிருந்து வந்த டிவிக்கும் ஸ்டிக்குக்கும் இதே போன்ற சிக்கல் 2.4இல் வரும்: அவற்றில் பல 12, 13 சேனல்களைப் பார்க்காது. வெளிநாட்டிலிருந்து வந்த எதுவானாலும் 2.4இல் 1, 6, 11; 5இல் 36 முதல் 48 என்று வைத்தால் ஏறக்குறைய எல்லாம் கேட்கும்.

விமானத்தின் மேல் விழும் பழிக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 52 முதல் 144 வரையான நடுக்கொத்தை ராடார்களும் பயன்படுத்துகின்றன, முக்கியமாக வானிலை ராடார்கள். அதனால் அந்தச் சேனல்களில் பேசும் பெட்டி எப்போதும் ஒரு காதை ராடாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், ராடார் துடிப்பு கேட்டால் உடனே விலக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. பெட்டிகளும் அப்படியே செய்யப்படுகின்றன. சில நேரம் ராடார்போலத் தோன்றும் வேறு ஏதாவது துடிப்புக்கும் விலகிவிடும். விலகும்போது போன் சட்டென்று பின்தொடர்ந்து போகும். டிவி தவறவிட்டு விழிக்கும். தலைக்கு மேல் பறக்கும் விமானம் வைஃபையை அறுப்பதில்லை. நடுக்கொத்தில் உட்கார்ந்த பெட்டி காரணமில்லாமல் இடம் மாறுவதுபோலத் தெரிந்தால் அதை 36க்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சந்தேகமும் தீரும்.

இன்னும் சில காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், பெட்டி டிவியை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருக்கும். நடமாடும் போனுக்கு அது உதவி. சுவரில் மாட்டிய டிவிக்குத் தேவையில்லை. பெயரைப் பிரித்து, டிவிக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள், மற்றதை மறக்கச் செய்யுங்கள். புதுப் பெட்டி மாற்றியதிலிருந்து பழைய டிவி இணையவே இல்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் போட்டிருந்தால் பழைய டிவிக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்து மட்டும் விட்டுவிடாதீர்கள். இணைந்திருக்கிறது, போனில் நெட் இருக்கிறது, டிவியில் எந்தச் செயலியும் திறக்கவில்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். வருடம் தவறாக இருந்தால் யூடியூப் முதல் எல்லாமே பாதுகாப்புச் சோதனையில் தோற்று, நெட் இல்லாததுபோலவே காட்டும். பழைய பெட்டியை மாடிக்கு வைஃபை நீட்டப் பயன்படுத்துகிறீர்களா? அதுவும் புதுப் பெட்டியும் சேர்ந்து ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு கருவிக்கு ஒரே முகவரி கிடைத்து, இரண்டும் மாறி மாறி அறும். பழையதில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை அணையுங்கள். டிவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதைக் கடைசியாக வையுங்கள். அதற்கு முன் எல்லாச் செயலிகளின் கடவுச்சொற்களும் கைவசம் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முடிந்த வீட்டில் எல்லாம் டிவிக்கு ஒரு லான் கேபிள் இழுத்துவிடுங்கள் என்பேன். பல டிவிகளின் லான் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே தரும் என்று குறை சொல்வார்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15தான். கேட் 6 கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும். லாஸ்பேட்டையில் எந்த வீட்டு ஹாலுக்கும் அதில் கால்வாசிகூட வேண்டாம். கரன்ட் ஒயர் போகும் குழாயில் மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள், தனி வழி கொடுங்கள். சேனல், சுவர், மைக்ரோவேவ், பக்கத்து வீட்டுப் பெட்டி எதுவும் அதைத் தொடாது.

டீச்சரம்மா வீட்டில் கேபிள் இழுக்கச் சுவர் துளைக்க வேண்டும், அவருக்கு மனமில்லை. 36ஆம் சேனலோடு பத்து நாள் போனது. பெட்டிக்கு யுபிஎஸ் இன்னும் வாங்கவில்லை. நோட்டை அவர் விடவில்லை. நேற்று கடைசி வரியைக் காட்டினார்: "செவ்வாய். 7.40 கரன்ட் போனது. 7.52 வந்தது. 7.55 பெட்டியில் எல்லா விளக்கும் எரிந்தது. டிவியில் வைஃபையை அணைத்துப் போட்டேன். பேர் வந்தது."